வறுத்த உளுந்து வாசனை

லாரியின் இடது கதவு உள்ளேயிருந்து திறக்காது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்த ஒரு வருடத்தில் நான் செய்த தப்புகளை வரிசையாக அடுக்கினால், எல்லாம் கடைசியில் அந்தக் கதவில் போய்த்தான் முட்டும். உள்பக்கக் கைப்பிடி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவைத்திருந்தோம். கயிற்றைச் சுண்டி இழுத்தால் சில நேரம் திறக்கும், சில நேரம் திறக்காது. வெளியே நின்று கை போட்டால் மட்டும் சட்டென்று திறந்துகொள்ளும்.

நான் லாரிக்கு வந்தது முப்பத்தாறு வயதில். அதுவரை குடவாசல் பக்கத்தில் குத்தகைக்கு நிலம் எடுத்து நெல்லும் உளுந்தும் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வருஷம் அடுத்தடுத்து, கதிர் முற்றும் நேரம் பார்த்து மழை கொட்டியது. சம்பா படுத்துவிட்டது. நிலக்காரர் நிலத்தை வேறு ஆளிடம் கொடுத்தார். டிராக்டர் ஓட்டிய கை இருக்கிறதே என்று ஹெவி லைசென்ஸ் எடுத்தேன். என் தங்கையின் கணவர் அப்போதே ஏழு வருஷமாக வைக்கோல் லாரி ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் சொல்லித்தான் முதலாளி என்னை இரண்டாவது டிரைவராகச் சேர்த்துக்கொண்டார்.

அறுவடை முடிந்த வயல்களில் மெஷின் சுருட்டிப் போடும் வைக்கோல் கட்டுகளை ஏற்றிக்கொண்டு தஞ்சாவூர், திருச்சி, திண்டுக்கல், கம்பம் என்று போய், குமுளி தாண்டி மலை இறங்கிக் கேரளத்து மாட்டுப் பண்ணைகளில் கொண்டுபோய்ப் போட வேண்டும். ஒருவர் ஓட்டும்போது மற்றவர் சீட்டுக்குப் பின்னால் இருக்கும் பலகையில் படுத்துத் தூங்குவார். அவ்வளவுதான் வேலை. கேட்க எளிது.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சங்கடம் இருந்தது. அவர் என்னைவிட மூன்று வயது இளையவர், தொழிலில் மூத்தவர். ஆனால் எங்கள் வீட்டுப் பெண்ணைக் கட்டியவர். வந்தால் நாற்காலி போட்டு உட்காரவைத்து, முதல் இலை அவருக்குப் போட்டுப் பழகியவர்கள் நாங்கள். அவர் என்னை மச்சான் என்பார், நான் அவரை மாப்ள என்பேன், இரண்டு பக்கமும் வாங்க போங்கதான். லாரிக்குள் இந்த மரியாதை இடித்தது. நான் தப்பு செய்தால் அவரால் திட்ட முடியாது. "மச்சான், இப்படிச் செஞ்சா என்னங்க" என்று தயங்கித் தயங்கிச் சொல்வார். அந்தத் தயக்கம்தான் எனக்கு எரிச்சல். வேறு ஒரு டிரைவராக இருந்திருந்தால் நாலு கெட்ட வார்த்தையில் முடிந்துபோயிருக்கும், நானும் கற்றுக்கொண்டிருப்பேன்.

முதல் மாதமே கயிற்றைத் தளரக் கட்டி, தஞ்சாவூர் பைபாஸில் இரண்டு கட்டுகளை உருட்டிவிட்டேன். பின்னால் வந்த கார்க்காரன் தப்பித்தது அவன் நல்ல நேரம். மூன்றாவது மாதம், மலை இறக்கத்தில் கியரைக் குறைக்காமல் பிரேக்கையே மிதித்துக்கொண்டு போனேன். ரப்பர் கருகுவது போல ஒரு நாற்றம் வந்தது. பக்கத்து எஸ்டேட்டில் எதையோ கொளுத்துகிறார்கள் என்று நினைத்தேன். தூங்கிக்கொண்டிருந்த மாப்பிள்ளைதான் மூக்கால் விழித்தார். கண்ணைத் திறப்பதற்கு முன்னாலேயே "நிறுத்துங்க" என்றார். இறங்கிப் பார்த்தால் பின்சக்கரத்தில் புகை. நான் தண்ணீர்க் குடத்தை எடுத்துக்கொண்டு ஓடினேன், கையைப் பிடித்துத் தடுத்தார்.

"ஊத்தாதீங்க மச்சான், பிரேக் டிரம் வெடிச்சிடும். தானா ஆறட்டும்."

ஒரு மணி நேரம் மலை ஓரத்தில் உட்கார்ந்திருந்தோம். அவர் முகம் வெளுத்திருந்தது. எனக்கு இருந்தது பயமில்லை, வெட்கம். இந்த இரண்டும் இடம் மாறியிருக்கக் கூடாது என்று இப்போது தெரிகிறது.

"வாசனை வந்தா என்னா வாசனைன்னு யோசிச்சுக்கிட்டு ஓட்டாதீங்க" என்றார். "முதல்ல நிறுத்துங்க. யோசனையெல்லாம் இறங்கினப்புறம் பாத்துக்கலாம். பின்னாடி படுத்துக் கெடக்கிறவன் உசுரு உங்க மூக்குலதான் இருக்கு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். சரிங்க மாப்ள என்று நானும் சிரித்தேன்.

இனி உளுந்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சம்பா அறுப்பதற்குச் சில நாள் முன்னால், நிற்கிற பயிருக்குள்ளேயே உளுந்தைத் தெளித்துவிடுவது எங்கள் பக்கத்து வழக்கம். நெல் போனபின் மிச்ச ஈரத்தில் அது வளர்ந்து பங்குனி, சித்திரையில் காய்த்துவிடும். செடியைப் பிடுங்கி, காயவைத்து, தார் ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வருகிற வண்டியெல்லாம் ஏறி மிதித்தால் உளுந்து உதிர்ந்துவிடும், கொடியை உதறி எடுத்துக்கொண்டு மணியைத் தூற்றிக்கொள்ளலாம். களத்து வேலையை ரோடு செய்துவிடும். இதற்குக் கூலி கிடையாது, கேட்டுக்கொள்வதுதான். நானே எத்தனையோ வருஷம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு வெயிலில் நின்று, வருகிற லாரிக்கெல்லாம் கை காட்டியிருக்கிறேன். மேலே ஏற்றிக்கொண்டு போகிறவனைப் பார்த்துக் கும்பிடுவேன். ஒதுங்கிப் போகிறவனை அவன் ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவேன்.

அதனால் ஸ்டியரிங் என் கைக்கு வந்ததும் நான் எந்த உளுந்தையும் விட்டுவைக்கவில்லை. வேகத்தைக் குறைத்து, சக்கரம் நன்றாகப் படுகிற மாதிரி பார்த்துப் பார்த்து ஏற்றுவேன். சில இடத்தில் ரிவர்ஸ் எடுத்து இன்னொரு தரம் ஏற்றியதும் உண்டு. அவர்கள் முகம் மலர்வதைப் பார்க்கையில், நிலம் என்னை விட்டுப் போகவில்லை என்று ஒரு சந்தோஷம்.

ஒருநாள் மாப்பிள்ளை என்னை வண்டிக்கு அடியில் வரச் சொன்னார். என்ஜினிலிருந்து பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான இரும்புத் தண்டு, ஷாஃப்ட், அதைச் சுற்றி உளுந்துக் கொடி இறுகிக் கிடந்தது. முறுக்கிய கயிறு போல, என் தொடை கனம். அரிவாளால் அறுத்து அறுத்து எடுத்தார். உள்பக்கம் கருகிக் கறுத்திருந்தது.

"காலையில ஏத்தவே ஏத்தாதீங்க மச்சான். பனி ஈரத்துல கொடி நொறுங்காது, அப்படியே சுத்திக்கும். சுத்தினது சுத்தச் சுத்தக் காயும். சைலன்சர் பக்கத்துலயே இருக்குது. மேல நாம ஏத்தியிருக்கிறது என்னா? வைக்கோலு."

"விவசாயிங்க பாவம் மாப்ள."

"பாவந்தான். அப்படி ஏத்தித்தான் ஆவணும்னா, தாண்டினதும் நிறுத்தி இறங்கிக் கீழ பாத்துடுங்க. அஞ்சு நிமிஷம்."

இது பங்குனி பிறந்த புதிதில் நடந்தது. பங்குனி நடுவில், கதவைச் சரிசெய்ய வண்டியைத் தஞ்சாவூர்ப் பட்டறையில் விட்டுவிட்டு வரச் சொன்னார். போனேன். பட்டறையில் கூட்டம். ஒரு டீ குடித்தேன், இன்னொரு டீ குடித்தேன், வெயில் தலைக்கு ஏறியது. ஒரு கைப்பிடிக்காக அரை நாளா என்று திரும்பி வந்துவிட்டேன். "சாமான் இல்லையாம் மாப்ள, அடுத்த வாரம் வரச் சொன்னான்" என்று கூசாமல் சொன்னேன். அவர் தலையாட்டிவிட்டு நைலான் கயிற்றில் புது முடிச்சு ஒன்று போட்டார்.

பங்குனி கடைசி வாரத்தில் திருத்துறைப்பூண்டிக்குத் தெற்கே ஒரு களத்தில் கட்டு ஏற்றினோம். மாப்பிள்ளை அதற்கு முந்தின இரவு முழுக்கக் கேரளத்திலிருந்து ஓட்டிக்கொண்டு வந்திருந்தார். வந்ததும் வெயிலில் நின்று பாரம் ஏற்றினார். இருட்டியதும் தெற்கே இடி இடிக்கவே, தார்ப்பாயை இழுத்துக் கட்டுவதும் அவிழ்ப்பதுமாக அந்த இரவும் போயிற்று. மழை வரவில்லை. விடிகாலை கிளம்பும்போது அவர் கண் சிவந்து கிடந்தது.

"திருச்சி வரைக்கும் எடுங்க மச்சான். ஒரு தூக்கம் போட்டாத்தான் நான் மனுசன்."

பலகையில் ஏறிப் படுத்தார். தலை இடது கதவுப் பக்கம். அதுதான் எப்போதும் அவர் படுக்கிற வாக்கு. ஐந்து நிமிஷத்தில் குறட்டை கேட்டது. அவர் குறட்டை பெரிதாக இருக்கும், என்ஜின் சத்தத்தையும் மீறி வரும். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். என்னை நம்பி ஒருவர் தூங்குகிறார் என்று பெருமையாக இருக்கும்.

மன்னார்குடி தாண்டியதும் பாலம் வேலை என்று வண்டிகளை ஊர் ரோட்டில் திருப்பிவிட்டிருந்தார்கள். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணல்தான். வாய்க்கால்களில் பாளம் பாளமாக வெடிப்பு. ஆறரை மணி இருக்கும். ஒரு வளைவில் திரும்பினால் ரோட்டின் முழு அகலத்துக்கும் உளுந்து. ஒரு பெண், என் தங்கை வயதுதான் இருக்கும், தலையில் துண்டோடு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். இரண்டு கையையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

"அண்ணே, இடி இடிக்குதுண்ணே. மழை வந்தா எல்லாம் போயிடும். பெரிய வண்டி ஒண்ணும் வரலைண்ணே. ஒரு தடவை ஏத்திட்டுப் போங்கண்ணே."

கொடியில் பனி மினுங்கியது. எனக்கு அது தெரிந்தது. மாப்பிள்ளை சொன்னதும் ஞாபகம் வந்தது. மறந்துபோய்ச் செய்தேன் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

ஏற்றினேன். மெதுவாக, முழு நீளத்துக்கும். அடியில் சரசரவென்று சத்தம். கண்ணாடியில் அவளைத் தேடினேன், தெரியவில்லை. வைக்கோல் இரண்டு பக்கமும் பிதுங்கி நிற்கும் வண்டியில் கண்ணாடி இருப்பது பேருக்குத்தான்.

தாண்டியதும் நிறுத்தியிருக்க வேண்டும். ஐந்து நிமிஷம். நிறுத்தினால் கதவைத் திறக்கிற சத்தத்தில் மாப்பிள்ளை விழிப்பார், எதுக்கு நின்னீங்க என்று கேட்பார். மறுபடியும் அடியில் படுத்து அரிவாளால் அறுப்பார். ஒரு வார்த்தை திட்டமாட்டார். அந்தத் திட்டாத முகத்தைப் பார்க்க எனக்குத் தெம்பில்லை. பெரிய ரோடு ஏறியதும் எங்காவது டீக்கடையில் நிறுத்தி, அவருக்குத் தெரியாமல் நானே அறுத்துப் போட்டுவிடலாம் என்று முடிவுகட்டினேன். ரோஷம் என்று இதை நாங்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறோம்.

பெரிய ரோடு வந்தது. டீக்கடைகளும் வந்தன. ஒவ்வொன்றிலும் வண்டிகள் நின்றன, அடுத்த கடை அடுத்த கடை என்று விட்டுக்கொண்டே போனேன். தஞ்சாவூர் தாண்டி வல்லம் ஏற்றம் ஏறியதும் ஊரின் நிறமே மாறிவிடும். கறுப்பு மண் போய்ச் செம்மண் வரும். வயல் முடிந்து முந்திரியும் முள்ளும் தொடங்கும். வாய்க்கால், குட்டை எதுவும் கண்ணில் படாது. நெல் விளைகிற பூமியில் வளர்ந்தவனுக்கு அந்த இடம் எப்போதுமே மனசுக்கு ஒட்டாது.

அங்கேதான் அந்த வாசனை வந்தது. வறுத்த உளுந்து. வாணலியில் எண்ணெய் விடாமல் பொடிக்கு வறுப்பார்களே, அதே வாசனை. என்ன சொல்வது, எனக்குப் பசித்தது. தங்கை இடிக்கிற பொடியும் நல்லெண்ணெயும் இட்லியும் ஞாபகம் வந்தன. எந்த வீட்டிலோ வறுக்கிறார்கள் என்று நினைத்தேன். இரண்டு பக்கமும் கண்ணுக்கு எட்டிய தூரம் வீடே இல்லை என்பது என் மண்டையில் உறைக்கவில்லை.

கொஞ்ச தூரத்தில் ஒரு பைக்காரன் முந்திக்கொண்டு வந்து, பக்கத்திலேயே ஓட்டியபடி கையை ஆட்டி ஏதோ கத்தினான். வைக்கோல் லாரிக்குப் பின்னால் வருகிற பைக்காரர்கள் எல்லோரும் கத்துவார்கள். கண்ணில் தூசி விழும். நானும் வழக்கம்போலக் கையை ஆட்டி, போ போ என்றேன். அவன் தலையில் அடித்துக்கொண்டு விலகிப் போனான்.

அடுத்து எதிரே ஒரு பஸ் வந்தது. பட்டப்பகலில் ஹெட்லைட்டைப் போட்டுப் போட்டு அணைத்தான். அதற்கு ஒரே அர்த்தம்தான் என்று நான் அதுவரை கற்றிருந்தேன்: முன்னால் சோதனை நிற்கிறது. எங்கள் பாரம் உயரத்திலும் அகலத்திலும் கூடுதல், பிடித்தால் வம்பு. அவர்கள் கண்ணில் படுவதற்குள் திருக்காட்டுப்பள்ளிப் பிரிவில் நுழைந்து ஒதுங்கிவிடலாம் என்று ஆக்சிலேட்டரை மிதித்தேன். வண்டி வேகம் பிடித்தது. காற்று இரண்டு பக்கமும் இரைந்தது. பின்னால் மாப்பிள்ளை குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

மேற்கே போகிற ரோடு, காலை வெயில் முதுகுப்புறம். வண்டியின் நிழல் எனக்கு முன்னால் ரோட்டில் ஓடிக்கொண்டிருந்தது. மேலே வைக்கோல் பாரத்தின் நிழல், சதுரமாக. அதைப் பார்த்துக்கொண்டே ஓட்டுவது எனக்குப் பழக்கம். அன்றைக்கு அந்த நிழலின் தலை அசைந்தது. தார்ப்பாய் அவிழ்ந்துவிட்டது என்று முதலில் எண்ணினேன். தார்ப்பாய் படபடவென்று அடிக்கும். இது அடிக்கவில்லை, வழிந்தது. நிழலிலிருந்து இன்னொரு நிழல் மெல்லக் கிளம்பி முன்னால் நீண்டுகொண்டே வந்தது.

அப்போதும் ஒரு நொடி அது என்னவென்று யோசித்தேன்.

பிரேக் அடித்து ஓரம் கட்டினேன். நின்றதும், அதுவரை காற்று பின்னால் தள்ளிக்கொண்டிருந்த புகை மொத்தமாக முன்னால் வந்து கேபினை மூடியது. நான் என் பக்கத்துக் கதவைத் திறந்து குதித்தேன். ஓடினேன். கத்தினேனா என்று எனக்குத் தெரியாது. வாயைத் திறந்த ஞாபகம் இருக்கிறது, சத்தம் வந்த ஞாபகம் இல்லை. வண்டியின் முன்பக்கமாகச் சுற்றி இடது ஓரத்து முள்ளுக்குள் போய்த்தான் நின்றேன். திரும்பிப் பார்த்தேன். பாரத்தின் நடுவில் தீ எரிந்துகொண்டிருந்தது. வெயிலில் தீயின் நிறம்கூடச் சரியாகத் தெரியவில்லை, அதற்குப் பின்னால் இருந்த மரங்கள் மட்டும் நடுங்கின.

இடது கதவை உள்ளேயிருந்து யாரோ இடித்தார்கள்.

யாரோ என்று எழுதுகிறேன். அந்த நொடியில் எனக்கு அப்படித்தான் தோன்றியது. டம், டம் என்று இரண்டு இடி. பிறகு கயிற்றைச் சுண்டுகிற சத்தம். பிறகு மறுபடியும் இடி. கண்ணாடிக்குப் பின்னால் ஒரு உள்ளங்கை ஒட்டி ஒட்டி விலகியது. அந்தக் கதவுக்கும் எனக்கும் இருபது அடி தூரம் இருக்கும். வெளியே இருந்து கை போட்டால் திறக்கிற கதவு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்திருக்கிறேன். பொய். கால் ஓடத் தயாராகத்தான் இருந்தது, எதிர்ப்பக்கம் ஓட. அந்தப் பக்கம் போகவிடாமல் வெட்கம் பிடித்தது, கதவுப் பக்கம் போகவிடாமல் பயம் பிடித்தது. நான் நின்றேன்.

இடி நின்றுவிட்டது. உளுந்து வாசனை போய் வேறு நாற்றம் வந்திருந்தது. என் தங்கையின் முகம் எனக்கு முன்னால் வந்தது, கல்யாணத்தன்று இருந்த முகம். அவ்வளவுதான், முடிந்தது என்று நினைத்தேன்.

என் பக்கத்துக் கதவு வழியாக, திறந்தே கிடந்த அந்த வழியாக, அவர் தானாகவே ஊர்ந்து வந்து ரோட்டில் விழுந்தார். நான் அப்போதுதான் ஓடினேன். அக்குளில் கை கொடுத்து இழுத்தேன். எரிகிற கட்டு ஒன்று நாங்கள் இருந்த இடத்தில் வந்து விழுந்தது. இழுத்துக்கொண்டே போனேன், பின்னால் வந்த ஒரு பஸ்ஸை நிறுத்திவிட்டு ஓடிவந்தவர்கள் பிடித்துக்கொள்கிற வரைக்கும். அவருடைய இடது கை முழங்கையிலிருந்து விரல்வரை வெந்திருந்தது.

தீயணைப்பு வண்டி வருவதற்குள் லாரி இரும்புக் கூடாகிவிட்டது. எப்படிப் பிடித்தது என்று போலீஸ்காரர் கேட்டார். "கரன்ட் கம்பி உரசியிருக்கும் சார்" என்றேன். வைக்கோல் லாரிக்கு அது வழக்கமாக வருகிற கேடு, யாரும் மேலே கேட்கவில்லை. ஸ்ட்ரெச்சரில் கிடந்த மாப்பிள்ளையிடம் கேட்டபோது அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "நான் தூங்கிட்டேங்க. மச்சான்தான் இழுத்துப் போட்டாரு."

ஆஸ்பத்திரி வராந்தாவில் தங்கை வந்து என் காலைத் தொட்டாள். நான் பின்வாங்கினேன், அவள் விடவில்லை. "நீ மட்டும் இல்லேன்னா நான் என்னா ஆயிருப்பேன்ண்ணே" என்று அழுதாள். உள்ளே படுத்திருந்தவருக்கு அது கேட்கிற தூரம்தான். நான் அவள் தலையில் கை வைத்து, அழாதே என்றேன். அதைவிடக் கேவலமான ஒரு காரியத்தை நான் செய்ததில்லை.

நாலு மாதம் கழித்து, மடங்காத இரண்டு விரல்களோடு அவர் வேலைக்குத் திரும்பினார். முதலாளி வேறு லாரி கொடுத்தார். யாரோடு போகிறாய் என்று கேட்டதற்கு, மச்சானோடதான் என்றாராம். நான் இப்போது நல்ல டிரைவர். கிளம்புமுன் இடது கதவை உள்ளேயிருந்து மூன்று தரம், வெளியேயிருந்து மூன்று தரம் திறந்து மூடுவேன். இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை இறங்கி, சக்கரத்தில் கை வைத்துப் பார்த்து, அடியில் குனிந்து ஷாஃப்டைப் பார்ப்பேன். ஏதாவது வாசனை வந்தால் நிறுத்திவிடுவேன், அது ரோட்டோரத்துப் பலாப்பழமாக இருந்தாலும். எதிரே லைட் போடுகிறவனையும் பக்கத்தில் கத்துகிறவனையும் மதிப்பேன். எல்லாம் கற்றுக்கொண்டேன். ஒன்றைத் தவிர எல்லாம் சரியாகிவிட்டது. அந்த ஒன்று, குறட்டைச் சத்தம். நான் ஓட்டும்போது அது கேட்பதில்லை.

படுப்பார், கண்ணை மூடியிருப்பார். தூங்குகிறவர் மூச்சு எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், அது அந்த மூச்சில்லை. தலையை இப்போது என் பக்கம் வைத்துப் படுக்கிறார். பகலும் இரவும் விழித்தே கிடந்துவிட்டு, தன் முறை வந்ததும் எழுந்து முகம் கழுவி ஓட்டுவார். கன்னம் ஒட்டிப்போய்விட்டது. இப்படியே போனால் ஒருநாள் அவர் ஓட்டும்போது கண் அசந்துவிடுவார் என்ற பயம் எனக்கு இருந்தது. இன்றும் இருக்கிறது.

அடுத்த பங்குனியில் அதே வழியாக வந்தோம். ரோட்டில் உளுந்து. அதே பெண்ணா, வேறு பெண்ணா, தெரியவில்லை, கை காட்டினாள். நான் ஓரமாக ஒதுக்கினேன். "நீயெல்லாம் சோறுதான் திங்கிறியா?" என்று அவள் கத்தியது நன்றாகவே கேட்டது. கொஞ்ச தூரம் போய் நிறுத்தி, ஏற்றாத உளுந்துக்காக இறங்கி அடியில் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தேன். என்ஜினைப் போடவில்லை.

"மாப்ள, தூங்கலையா?"

"தூக்கம் வரலைங்க."

"அன்னைக்குக் கம்பி உரசலைங்க. காலைப் பனியில உளுந்து மேல ஏத்துனேன். இறங்கிப் பாக்கலை."

"தெரியுங்க. முழிச்சப்ப அந்த வாசனை எனக்கும் வந்துச்சுல்ல."

"கதவுக்குச் சாமான் இல்லைன்னு பட்டறையில சொல்லலை. நான்தான்..."

"அதுவும் தெரியும். ஆஸ்பத்திரிக்குப் பாக்க வந்தப்ப பட்டறைக்காரனே சொன்னான்."

மிச்சம் இருந்ததைச் சொல்ல வாய் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு முன்னால் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். பின்னாலிருந்து அவரே பேசினார். கோபமில்லாத குரல்.

"கண்ணாடி வழியா பாத்தேன் மச்சான். நீங்க நின்னதைப் பாத்தேன். வருவீங்க வருவீங்கன்னு பாத்தேன். அப்புறம்தான் அந்தப் பக்கம் திரும்பினேன்."

எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவர் தேற்றவில்லை.

"தங்கச்சிக்கிட்ட நானே சொல்லிடுறேன் மாப்ள. இந்த வாரமே சொல்லிடுறேன்."

பலகை கிறீச்சிட்டது.

"வேணாங்க. நீங்க கூட இருக்கீங்கன்னுதான் அவ வீட்டுல நிம்மதியா தூங்குறா. அவளாவது தூங்கட்டும்."

நான் முகத்தைத் துடைத்துக்கொண்டு வண்டியை எடுத்தேன். திருச்சி வரைக்கும் அவர் புரண்டு புரண்டு படுக்கிற சத்தம் கேட்டுக்கொண்டே வந்தது.